முதலில் ஆசை, பிறகு டிக்கெட்

ஜப்பானுக்குச் சொந்தமாகப் போய்வர நினைக்கும் ஜப்பானியப் பண்பாட்டின் ரசிகர்களை இரண்டு பயங்கள் பிடித்து நிறுத்துகின்றன. ஒன்று மொழி, இன்னொன்று செலவு. மொழிப் பயத்தை இன்றைக்கே விட்டுவிடலாம். டோக்கியோ, ஒசாகா, கியோட்டோ நிலையங்களில் பெயர்ப் பலகைகள் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. சுரங்க ரயிலில் ஒவ்வொரு பாதைக்கும் ஒரு நிறமும் ஓர் எழுத்தும் உண்டு, ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் எண் உண்டு. கடைகளில் விலை ஒட்டியிருக்கும், பேரம் கிடையாது. செல்போனில் ஒரு மொழிபெயர்ப்புச் செயலி இருந்தால் சாப்பாட்டுக் கடையின் பட்டியலையும் படித்துவிடலாம்.

செலவுப் பயத்தில் பாதிதான் உண்மை. தங்குமிடமும் அதிவேக ரயிலும் கையைக் கடிக்கும். உள்ளூர் ரயில், எளிய சாப்பாடு, அருங்காட்சியகம், பழைய புத்தகம் ஆகியவற்றுக்கு நீங்கள் பயப்படும் அளவுக்கு விலை இல்லை. பெரும்பாலான ஷிண்டோ கோயில்களுக்குக் கட்டணமே இல்லை. குழுச் சுற்றுலாக்காரர்கள் விலை கூடிய அந்த இரண்டையும் உங்கள் தலையில் கட்டிவிட்டு, ஃபூஜி மலை, பொற்கோயில், ஒரு பெரிய கடைவீதி என்று ஓட்டிக்கொண்டு போவார்கள். டோக்கியோவின் நகானோ பகுதியில் உள்ள பழைய மங்கா (காமிக்ஸ்) கடைகளில் ஒரு மதியம் முழுக்க நின்று புரட்ட எந்தக் குழுவும் உங்களை விடாது. ரசிகராக இருப்பவர் தனியாகப் போவதுதான் சரி என்று நான் சொல்வதற்கு அதுவே காரணம்.

எதற்காகப் போகிறீர்கள்?

விமான டிக்கெட் தேடுவதற்கு முன் ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள். அங்கே போய்ப் பார்க்காமல் திரும்பினால் மனசு கேட்காது என்ற மூன்று விஷயங்கள். "ஜப்பானியப் பண்பாடு" என்று பொதுவாக எழுதாதீர்கள். அதில் மங்காவும் இருக்கிறது, சுமோவும் இருக்கிறது, காபுகி நாடகமும், தேநீரும், ஆயிரம் வருடத்துப் புத்தர் கோயிலும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி ஊர், தனிப் பருவம்.

சுமோவை எடுத்துக்கொள்வோம். பெரிய போட்டிகள் வருடத்துக்கு ஆறு, ஒவ்வொன்றும் 15 நாள். ஜனவரி, மே, செப்டம்பர் மாதங்களில் டோக்கியோவின் ரியோகோகு அரங்கில். மார்ச்சில் ஒசாகா, ஜூலையில் நகோயா, நவம்பரில் ஃபுகுவோகா. பிப்ரவரியில் டோக்கியோ போய் இறங்கிவிட்டு பெரிய சுமோ போட்டியைத் தேடினால் கிடைக்காது. ரசிகர்களே வரைந்து அச்சிட்டு விற்கும் காமிக் மார்க்கெட் என்ற பெருஞ்சந்தை 1975-ல் தொடங்கியது. இப்போது டோக்கியோ பிக் சைட் வளாகத்தில் ஆகஸ்டிலும் டிசம்பர் கடைசியிலும் நடக்கிறது. கதாபாத்திரங்களைப்போல் வேடமிட்டுக் காஸ்ப்ளே செய்பவர்களுக்குக் கோடையில் நகோயாவில் நடக்கும் உலகக் காஸ்ப்ளே மாநாடு, வீடியோ கேம் பிரியர்களுக்கு செப்டம்பரில் மகுஹாரியில் நடக்கும் டோக்கியோ கேம் ஷோ. உங்கள் மூன்று வரிகளில் இவற்றில் ஒன்று இருந்தால் மாதம் தானாக முடிவாகிவிடும்.

அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லாதவர்களுக்கு என் பரிந்துரை ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி வரை. குளிர் உண்டு, ஆனால் டோக்கியோவிலும் ஒசாகாவிலும் வானம் தெளிவாக இருக்கும். செர்ரி பூக்கும் காலத்து நெரிசலும் இல்லை, அந்தக் காலத்து அறை வாடகையும் இல்லை. டிசம்பரின் முதல் பாதியும் நல்லது. ஜூன் தொடங்கி ஜூலை நடு வரை மழை. ஆகஸ்ட் மாதப் புழுக்கம் சென்னைக்காரர்களையே திணற அடிக்கும். ஏப்ரல் கடைசி முதல் மே 5 வரையிலான தொடர் விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் முன்னோரை வழிபடும் ஓபோன், புத்தாண்டு ஆகிய மூன்று சமயங்களிலும் ஜப்பானியர்களே ஊருக்குப் போகிறார்கள். ரயிலும் பஸ்ஸும் நிரம்பி வழியும், விலையும் ஏறும். காமிக் மார்க்கெட்டுக்காகப் போகிறவர்களுக்கு மட்டும் வேறு வழியில்லை. அவர்கள் அறையைப் பல மாதம் முன்பே பிடித்துவிட வேண்டும்.

ஒரு முனையில் இறங்கி, மறுமுனையில் ஏறுங்கள்

பட்ஜெட் பயணத்தில் பெரிய மிச்சம் வருவது இங்கேதான். ஒசாகாவின் கான்சாய் விமான நிலையத்தில் இறங்குங்கள்; டோக்கியோவின் நரிட்டாவிலோ ஹனேடாவிலோ திரும்ப ஏறுங்கள். போகும் ஊரும் வரும் ஊரும் வேறாக இருக்கும் டிக்கெட்டைப் பெரும்பாலான விமானத் தேடல் தளங்களில் எடுக்கலாம். பலர் இதைச் செய்யாமல், டோக்கியோவில் இறங்கி, கியோட்டோ போய், மறுபடியும் டோக்கியோ வந்து விமானம் பிடிக்கிறார்கள். கியோட்டோவுக்கும் டோக்கியோவுக்கும் இடையே ஷின்கான்சென் அதிவேக ரயிலின் ஒரு வழிக் கட்டணம் சுமார் 14,000 யென். அந்தத் திரும்பும் பயணம் வெறும் விரயம்.

கொழும்பிலிருந்து நரிட்டாவுக்கு நேரடி விமானம் உண்டு. சென்னையிலிருந்து புறப்படுகிறவர்கள் கோலாலம்பூர், சிங்கப்பூர், பாங்காக் வழியாகப் போவது வழக்கம். மலிவு விமானங்களில் இரண்டு தனி டிக்கெட்டாக எடுத்தால் இடையில் அந்த நாட்டுக்குள் நுழைந்து பெட்டியை எடுத்து மறுபடியும் கொடுக்க வேண்டி வரலாம். அதற்கு அந்த நாட்டின் நுழைவு அனுமதி தேவையா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஒரே டிக்கெட்டாக எடுப்பதற்கு இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் கூடுதல் என்றால் யோசிக்காமல் அதையே எடுங்கள்.

ஜப்பான் ரயில் பாஸ் பற்றிப் பழைய பயண நூல்கள் எல்லாம் புகழ்ந்து எழுதியிருக்கும். 2023 அக்டோபரில் அதன் விலை ஏறிவிட்டது. முன்பு 29,650 யென்னுக்குக் கிடைத்த ஏழு நாள் பாஸ் 50,000 யென் ஆனது. ஒசாகாவில் இறங்கி டோக்கியோவில் ஏறுகிறவருக்கு அது தேவையே இல்லை. நடுவில் இருக்கும் ஒரே ஒரு நீண்ட பயணத்துக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. ஷின்கான்சென் ஒன்று: வாழ்நாள் ஆசை என்றால் அந்த 14,000 யென்னைக் கொடுங்கள், அதில் குற்றமில்லை. இரண்டாவது இரவுப் பஸ். ஒசாகாவில் ராத்திரி ஏறினால் காலையில் டோக்கியோவின் ஷின்ஜுகுவில் இறங்கலாம். நாளையும் இருக்கையையும் பொறுத்து 5,000 யென்னிலிருந்து 10,000 யென் வரை ஆகும், ஓர் இரவு அறை வாடகையும் மிச்சம். மூன்றாவது, பள்ளி விடுமுறைக் காலங்களில் மட்டும் விற்கும் செய்ஷுன் 18 டிக்கெட். தொடர்ந்து மூன்று நாளுக்கு 10,000 யென், சாதாரண ரயில்களில் மட்டும் செல்லும். வயது வரம்பு கிடையாது. ஒசாகாவிலிருந்து டோக்கியோவுக்கு அப்படிப் போனால் ஒரு பகல் முழுக்க ஆகும். ஆனால் பள்ளிப் பிள்ளைகள் ஏறி இறங்கும் சின்னச் சின்ன நிலையங்கள், ஜன்னலில் கூடவே வரும் ஃபூஜி மலை என்று, அனிமேயில் பார்த்த ஜப்பான் அந்த ரயில்களில்தான் இருக்கிறது. நேரம் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

உள்ளூர்ப் பயணத்துக்கு சுய்க்கா, இகோக்கா போன்ற ஏதாவது ஒரு ப்ரீபெய்ட் கார்டு போதும். ஓர் ஊரில் வாங்கியது பெரிய நகரங்கள் எல்லாவற்றிலும் செல்லும். கடைகளிலும், வீதியோர பானம் விற்கும் இயந்திரங்களிலும்கூட அதைத் தட்டலாம்.

கான்சாய் வட்டாரம்: மெதுவாகத் தொடங்குங்கள்

ஒசாகாவில் தங்கிக்கொண்டு கியோட்டோவுக்குப் பகலில் போய்வருவது பணத்துக்கு நல்லது. கியோட்டோ அறை வாடகை கூடுதல், ரயிலில் அரை மணி நேரம்தான். ஃபுஷிமி இனாரி கோயிலின் ஆயிரக்கணக்கான சிவப்பு வாயில்களுக்குக் கட்டணமும் இல்லை, கதவடைக்கும் நேரமும் இல்லை. முதல் ரயிலைப் பிடித்து விடியலில் போனால், பத்து மணிக் கூட்டம் வருமுன் மலையேறி இறங்கிவிடலாம்.

மங்கா ரசிகர்கள் கியோட்டோவில் ஒரு முழு நாளைக் கராசுமா ஒயிக்கே நிலையத்துக்கு அருகிலுள்ள சர்வதேச மங்கா அருங்காட்சியகத்துக்கு ஒதுக்க வேண்டும். மூடப்பட்ட ஒரு தொடக்கப் பள்ளிக் கட்டடத்தில் 2006-ல் அதைத் திறந்தார்கள். மொத்தச் சேகரிப்பு சுமார் 3 லட்சம். அதில் 50,000 புத்தகங்கள் தாழ்வாரமெங்கும் அலமாரிகளில் திறந்தே இருக்கின்றன. எதை வேண்டுமானாலும் கையில் எடுத்துப் படிக்கலாம். வெளிநாட்டு மொழிப் பதிப்புகளுக்கும் ஓர் இடம் உண்டு. பழைய பள்ளியின் மரத்தரை நடந்தால் கிறீச்சிடும். வெயில் நாளில் புத்தகத்தோடு வெளியே புல்தரையில் போய்ப் படுத்துவிடுகிறார்கள். சுமார் 1,200 யென் நுழைவுக் கட்டணத்துக்கு இதைவிடப் பெரிய விருந்து ஒரு வாசகனுக்கு உலகத்தில் வேறெங்கும் கிடைக்காது என்பது என் எண்ணம். ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டு வெளியேறும் சுற்றுலாப் பயணிகளைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். வார விடுமுறை நாள் உண்டு, போகுமுன் பாருங்கள்.

ஒசாகாவின் உமேதாவிலிருந்து ஹன்க்யூ ரயிலில் சுமார் 300 யென்னுக்குப் போகும் ஊர் தகராசுகா. மங்கா ஓவியர் ஒசாமு தெசுகா வளர்ந்த ஊர் அது. 1994-ல் திறந்த அவருடைய அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. பெண்களே எல்லா வேடமும் ஏற்கும் தகராசுகா நாடகக் குழுவின் அரங்கம் அதன் அருகிலேயே இருக்கிறது. 1914 முதல் மேடையேறிவரும் அந்தக் குழுவின் நாடகங்களைச் சிறுவயதில் பார்த்தவர் தெசுகா. ஆண் வேடமிட்ட இளவரசியைத் தன் மங்காவில் அவர் ஏன் வரைந்தார் என்பது அந்தத் தெருவில் நடக்கும்போது புரியும்.

கியோட்டோவிலிருந்து தெற்கே இன்னொரு சின்னப் பயணம் ஊஜி. 10 யென் நாணயத்தில் பொறித்திருக்கும் பியோதோயின் கோயில் அங்கேதான். அதன் ஃபீனிக்ஸ் மண்டபம் 1053-ல் எழுந்தது. தேயிலைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கியோட்டோ அனிமேஷன் நிறுவனம் இந்த ஊரைச் சேர்ந்தது. 2019 ஜூலை 18 அன்று அதன் ஸ்டூடியோவுக்கு ஒருவன் தீவைத்ததில் 36 பேர் இறந்தார்கள். அவர்கள் நினைவாக ஊஜியில் ஆற்றங்கரைக்கு அருகே உள்ள பூங்காவில் 2024-ல் ஒரு சின்னம் நிறுவியிருக்கிறார்கள். தீப்பிடித்த ஸ்டூடியோ இருந்த இடம் வீடுகள் சூழ்ந்த பகுதி, அங்கே போக வேண்டாம். அஞ்சலி செலுத்த விரும்புகிறவர்கள் பூங்காவுக்குப் போங்கள், அமைதியாக நின்று திரும்புங்கள்.

டோக்கியோ: அகிஹபாராவில் நின்றுவிடாதீர்கள்

போருக்குப் பின் வானொலி உதிரிபாகங்கள் விற்ற கடைவீதிதான் இன்றைய அகிஹபாரா. ரேடியோ கைகான் என்ற கட்டடப் பெயரில் அந்தப் பழமை ஒட்டியிருக்கிறது. ஒருமுறை பார்க்க வேண்டிய இடம். வாங்குவதற்கு அதைவிட நகானோ நல்லது. ஷின்ஜுகுவிலிருந்து ஐந்து நிமிட ரயில். 1966-ல் கட்டிய நகானோ பிராட்வே வளாகத்தில் 1980-ல் ஒரு சின்னப் பழைய மங்கா கடையாகத் தொடங்கிய மண்டராக்கே இன்று பல கடைகளாக மாடி மாடியாகப் பரவியிருக்கிறது. ஒரு கடை முழுக்க அனிமே தயாரிப்பில் கையால் வரைந்த செல்லுலாய்டு தாள்கள், இன்னொன்றில் பழைய தகர பொம்மைகள், வேறொன்றில் முதல் பதிப்புகள். பெண் ரசிகர்கள் பலருக்கு இகேபுகுரோ வசதி. அனிமேட் நிறுவனத்தின் தலைமைக் கடை அங்கே இருக்கிறது.

இகேபுகுரோவிலிருந்து தொலைவில் இல்லை தோகிவாசோ. 1950-களில் தெசுகா வாடகைக்கு இருந்த மர அடுக்குக் குடியிருப்பு அது. அவர் காலி செய்த பிறகும் ஃபுஜிகோ ஃபுஜியோ இரட்டையர், இஷினோமோரி, அகட்சுகா என்று பின்னாளில் மங்காவில் பெயர் பெற்ற இளைஞர்கள் ஒவ்வொருவராக அங்கே வந்து சேர்ந்தார்கள். பொதுச் சமையலறை, பொதுக் கழிப்பறை, நாலரைப் பாய் விரிக்கும் அளவில் ஓர் அறை. அங்கே உட்கார்ந்துதான் வரைந்தார்கள். அந்தக் கட்டடத்தை 1982-ல் இடித்துவிட்டார்கள். 2020-ல் தோஷிமா நகராட்சி அதை அருகிலுள்ள ஒரு பூங்காவில் அப்படியே திரும்பக் கட்டி அருங்காட்சியகமாக்கியது. படிக்கட்டின் சத்தம், சமையலறைத் தொட்டியின் கறை வரைக்கும் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். டோரேமானைத் தமிழில் பார்த்து வளர்ந்தவர்கள் அதைப் படைத்தவரின் பசிக்காலத்தை இங்கே பார்க்கலாம். டோரேமானையே பார்க்க வேண்டுமானால் கவாசாகியில் ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ அருங்காட்சியகம் இருக்கிறது. நேரம் குறித்து முன்பதிவு செய்துகொண்டுதான் போக முடியும்.

ஓகிகுபோவில் உள்ள சுகினாமி அனிமேஷன் அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை. சின்ன இடம், ஒரு படம் எப்படி உருவாகிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஏற்றது.

மிதகாவின் ஜிப்லி அருங்காட்சியகம் இவற்றிலிருந்து வேறு. கட்டணம் 1,000 யென்தான், ஆனால் வாசலில் டிக்கெட் விற்பதில்லை. ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி, ஜப்பான் நேரம் காலை 10 மணிக்கு அடுத்த மாதத்துக்கான விற்பனை தொடங்கும். நமக்கு அது காலை 6.30. கணினி முன் காத்திருந்து வாங்குங்கள், நல்ல நாட்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். இடைத்தரகர் தளங்கள் பல மடங்கு விலைக்கு விற்பதை வாங்காதீர்கள். டிக்கெட்டில் வாங்கியவர் பெயர் இருக்கும். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை, அதனால் எல்லோரும் கண்ணால் பார்க்கிறார்கள். நகோயா அருகே 2022-ல் திறந்த ஜிப்லி பூங்காவுக்கும் முன்பதிவு வேண்டும். பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் இரண்டில் மிதகா போதும்.

காபுகி பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கின்சாவின் காபுகிசா அரங்கில் ஒரு காட்சிக்கு மட்டும் டிக்கெட் வாங்கலாம். நாலாவது மாடி இருக்கை, பெரும்பாலும் 1,000 முதல் 2,000 யென். முந்தைய நாள் இணையத்திலும் அன்றைக்கு அரங்கிலும் விற்கிறார்கள். முதல்முறை பார்ப்பவருக்கு ஒரு காட்சியே நிறைவு. சுமோவுக்கு மேல்தள நாற்காலி இருக்கைகள் மலிவு. காலையிலேயே கீழ்நிலை வீரர்களின் ஆட்டம் தொடங்கிவிடும். பெரிய வீரர்கள் பிற்பகல் நாலு மணி வாக்கில் களமிறங்கி ஆறுக்கு முடிப்பார்கள். ஒரே டிக்கெட்டில் நாள் முழுவதும் இருக்கலாம்.

கதை நடந்த ஊருக்குப் போகிறவர்கள்

தான் நேசிக்கும் அனிமே எந்தத் தெருவை வைத்து வரையப்பட்டதோ அந்தத் தெருவைத் தேடிப் போவது ஜப்பானிய ரசிகர்களிடையே பெரிய வழக்கம். ஷிகோகு தீவின் 88 கோயில் யாத்திரையைப் பின்பற்றி, அனிமே சுற்றுலாச் சங்கம் 88 ஊர்களைத் தேர்ந்து அறிவிக்கிறது. இந்தப் பட்டியலைப் பார்த்து உங்கள் கதையின் ஊர் வழியில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

காமகுராவில் ஸ்லாம் டங்க் காட்சியால் புகழ்பெற்ற ரயில் கடவுக்கு எல்லோரும் போகிறார்கள். நடுச்சாலையில் நின்று படமெடுக்கும் கூட்டத்தால் அங்குள்ளவர்கள் படும் அவதி சொல்லி மாளாது. என்னைக் கேட்டால் ஓஅராய் என்ற ஊருக்குப் போங்கள். இபராகி மாகாணத்தின் அந்தச் சின்னக் கடலோர ஊரை 2011 மார்ச் சுனாமி தாக்கியது. அடுத்த வருடம் வந்த 'கேர்ள்ஸ் உண்ட் பான்ஸர்' அனிமே அந்த ஊரைக் களமாக வைத்தது. ரசிகர்கள் வரத் தொடங்கினார்கள். கடைக்காரர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரத்தின் ஆளுயர அட்டையை வாசலில் நிறுத்தி, அந்தப் பாத்திரத்தைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே கொண்டாடினார்கள். இறைச்சிக் கடைக்காரரும் முடிதிருத்துபவரும் உங்களை நிறுத்தி எந்த ஊர் என்று விசாரிப்பார்கள். இந்தியா என்று சொன்னால் பேச்சு சினிமாவுக்குப் போகலாம். 1998-ல் டோக்கியோவில் 'முத்து' மாதக்கணக்கில் ஓடியதை நினைவு வைத்திருக்கும் ஜப்பானியர் இன்றும் உண்டு. ஷிகா மாகாணத்தின் தொயோசாதோவில் 1937-ல் கட்டிய பழைய தொடக்கப் பள்ளியும் இப்படித்தான், 'கே-ஆன்!' ரசிகர்கள் அதன் இசை அறையில் தேநீர்க் கோப்பைகளை அடுக்கிவைத்துப் பாதுகாக்கிறார்கள்.

இப்படிப் போகும் இடங்களில் மக்கள் குடியிருக்கிறார்கள். வீட்டு வாசலையும் பள்ளிப் பிள்ளைகளையும் படமெடுக்காதீர்கள். குரலைத் தாழ்த்துங்கள். அந்த ஊரில் ஒரு வேளையாவது சாப்பிடுங்கள், ஏதாவது ஒன்று வாங்குங்கள். கியோட்டோவின் கியோன் பகுதியில் தனியார் சந்துகளில் படமெடுத்தால் 10,000 யென் அபராதம் என்று பலகையே வைத்துவிட்டார்கள். வந்தவர்கள் நடந்துகொண்ட விதம்தான் காரணம்.

தங்குவதும் தின்பதும்

ஹாஸ்டலில் ஒரு படுக்கை 3,000 யென்னிலிருந்து 5,000 யென் வரை. கேப்சூல் ஹோட்டலும் ஏறக்குறைய அதே விலை. 1979-ல் ஒசாகாவில் பிறந்த ஏற்பாடு அது, பல இடங்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனித் தளம். இருவராகப் போனால் டொயோகோ இன் போன்ற பிஸினஸ் ஹோட்டல் அறை தலைக்குக் கிட்டத்தட்ட அந்த அளவுக்கே வரும், காலை உணவும் சேர்த்து. மங்கா கஃபேயில் இரவைக் கழிப்பது ஒருநாள் அனுபவத்துக்குச் சரி, அடுத்தடுத்த நாட்களுக்கு உடம்பு தாங்காது. டோக்கியோவில் ஊயேனோ, அசகுசா பக்கம் தேடுங்கள். நரிட்டாவிலிருந்து கெய்செய் ரயில் நேராக வரும்.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையே இல்லை. யோஷினோயா, மட்சுயா, சுகியா கடைகளில் 500 யென் அளவில் ஒரு கிண்ணம் சோறும் இறைச்சியும் கிடைக்கும். ஆனால் அது மாட்டிறைச்சி. வேண்டாதவர்கள் படத்தைப் பார்த்து வேறு எடுக்க வேண்டும். சூப்பர் மார்க்கெட்டில் இரவு ஏழு மணிக்கு மேல் தயார் உணவுகள்மீது தள்ளுபடிச் சீட்டு ஒட்டத் தொடங்குவார்கள், கடை மூடும் நேரம் நெருங்கினால் பாதி விலை.

சைவர்கள் தயாராகப் போக வேண்டும். காய்கறி மட்டும் மிதக்கும் சூப்பிலும், உடோன் நூடுல்ஸ் குழம்பிலும் மீன் சீவலில் எடுத்த சாறு இருக்கும். பரிமாறுபவருக்கே அது அசைவமாகத் தோன்றாது. அதனால் "இறைச்சி இல்லையா?" என்று கேட்டால் போதாது, மீன் சாறும் கூடாது என்று ஜப்பானிய மொழியில் எழுதிவைத்துக் காட்டுங்கள். டோக்கியோ நிலையத்துக்குள் உள்ள டீஸ் டான்டானில் பாலும் சேராத சைவ ராமென் கிடைக்கும். கோகோ இச்சிபன்யாவின் பல கிளைகளில் சைவக் குழம்பு உண்டு. இந்தியர் நிறையக் குடியிருக்கும் நிஷி-கசாயில் நம் சாப்பாடும் மளிகையும் கிடைக்கும். சமையலறை உள்ள ஹாஸ்டலைத் தேர்ந்தால் டோஃபு, அரிசி, காய்கறியோடு காலம் தள்ளலாம். பருப்புப் பொடி ஒரு பொட்டலம் எடுத்துப்போங்கள். இறைச்சி சேர்ந்த எதையும், பச்சைக் கறிவேப்பிலை, பழம் போன்றவற்றையும் கொண்டுபோகாதீர்கள், சுங்கத்தில் பிடித்துவிடுவார்கள்.

மருந்து விஷயத்தில் அதைவிடக் கவனம் வேண்டும். ஆம்ஃபெட்டமின் சேர்ந்த மருந்துகள் மருத்துவர் சீட்டு இருந்தாலும் ஜப்பானில் தடை. சூடோஎபெட்ரின் அதிகம் சேர்ந்த சளி மாத்திரைகளும் கூடாது. வழக்கமாகச் சாப்பிடும் மருந்தை ஒரு மாத அளவுக்குள், சீட்டோடு எடுத்துப்போங்கள்.

வாங்குவதில் ஓர் ஒழுங்கு

ரசிகரின் பட்ஜெட் உடைவது கடையில்தான். விளையாட்டு நிலையங்களின் கொக்கி இயந்திரத்தில் பொம்மைக்காக நூறு நூறு யென்னாகப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அங்கே பரிசாக வைக்கும் அதே உருவச் சிலைகள் பழைய பொருள் கடைகளில் பெட்டி பிரிக்காமல் 1,000, 2,000 யென்னுக்குக் கிடைக்கும். பழைய புத்தகத்துக்கு புக் ஆஃப் கடைகள்: அலமாரியில் 110 யென்னிலிருந்து மங்கா. புதுப் பொருள் விற்கும் கடைகள் பலவற்றில் ஒரே ரசீதில் 5,000 யென்னுக்கு மேல் வாங்கினால் பாஸ்போர்ட்டைக் காட்டி 10 சதவீத வரிவிலக்குப் பெறலாம். 2026 நவம்பரிலிருந்து வரியை முதலில் கட்டி விமான நிலையத்தில் திரும்பப் பெறும் முறை வருகிறது. வாங்கும் பணத்தைத் தனி உறையில் போட்டு வையுங்கள். வாங்குவதை டோக்கியோவுக்கு, கடைசி நாட்களுக்கு ஒத்திப்போடுங்கள்; சுமந்து அலைய வேண்டியிருக்காது.

கணக்கும் காகிதமும்

இந்தியர்களுக்கு விசா வேண்டும். வி.எஃப்.எஸ். மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். நாள்வாரியான பயணத் திட்டம், தங்குமிட முன்பதிவு, வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரி ஆவணம் ஆகியவை கேட்பார்கள். ரத்து செய்தால் பணம் திரும்பும் அறைகளை மட்டும் முதலில் பதிவு செய்யுங்கள். விசா கையில் வந்தபின் விசிட் ஜப்பான் வெப் தளத்தில் குடிநுழைவு, சுங்கப் படிவங்களை நிரப்பிவிட்டால் இறங்கியவுடன் வரிசை சுருங்கும். பணத்துக்கு, செவன் இலெவன் கடைகளில் உள்ள ஏ.டி.எம். நம் சர்வதேச கார்டுகளை ஏற்கும்.

இப்போது பத்து நாள், ஒன்பது இரவு என்று கணக்குப் போடுவோம். ஓர் இரவு பஸ்ஸில் போனால் எட்டு இரவுக்கு 4,500 வீதம் 36,000 யென். சாப்பாடு நாளுக்கு 2,200 வீதம் 22,000. உள்ளூர்ப் போக்குவரத்து 10,000. இரவுப் பஸ் 7,000. நுழைவுச் சீட்டுகள் 8,000. விமான நிலையப் போக்குவரத்து 3,000. மொத்தம் 86,000 யென். கைக்காவலாக 14,000 சேர்த்தால் ஒரு லட்சம் யென். ஒரு யென் 60 பைசா என்று வைத்தால் 60,000 ரூபாய். விமான டிக்கெட், விசா, பொம்மை உறை இதற்கு வெளியே.

இந்தத் தொகை உங்களுக்கு இன்னும் சேரவில்லை என்றால் ஊர்களைக் குறையுங்கள். முதல் பயணத்தில் டோக்கியோ ஒன்றிலேயே ஏழு நாள் தங்குவது, பத்து நாளில் நாலு ஊர் ஓடுவதைவிட மேல்.